மூன்று நிமிடத்துக்குள் ஒரு மஞ்சள் தவளை

தவளை பிடிக்கிற வேலைக்கு டார்ச், ரப்பர் பூட்ஸ், ஸ்டாப்வாட்ச் எல்லாம் தருவார்கள். தைரியத்தை மட்டும் நாமே வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

என்னிடம் அது எப்போதுமே இருப்பு இல்லை. கான்வென்ட்டில் மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்த தவளையைப் பார்த்தே மயங்கி விழுந்தவள் நான். சிஸ்டர் தண்ணீர் தெளித்து எழுப்பினார். அதே நான் இப்போது தென்காசியில் ஒன்பது மாதப் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு, இருட்டியதும் வடகரைப் பக்கம் வயலில் இறங்குகிறேன். வேலை முடிந்து வந்து, பிள்ளையைத் தொடுமுன் மூன்று தடவை கை கழுவும் சகோதரிகளே, என் பிள்ளை தூங்குகிற நேரத்தில் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சி இதுதான். ஆண் தவளை பயந்தால் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறும். அது ஏறினால் ஆண்மை ஹார்மோன் இறங்கும். இறங்கினால் தவளை கத்தாது. கத்தாவிட்டால் பெண் தேடி வராது. பிறகு முட்டை ஏது, தலைப்பிரட்டை ஏது? இதைக் காட்ட இருபது தவளையின் ரத்தம், இருபது குப்பிகளில் வேண்டும். குற்றாலச் சாரல் முடிவதற்குள் இருபதும் நிறையாவிட்டால் என் ஆராய்ச்சி அத்தோடு சரி.

கடிகாரம் ஓடுகிறது

மழை விழுந்ததும் ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தாடைக்குக் கீழே இரண்டு நீலப் பைகள் உப்ப, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பிடித்த நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, மூன்று நிமிடத்துக்குள் தாடையோரம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்குள் எடுத்தால் தவளை ஏற்கெனவே பட்டிருந்த பயம் தெரியும். தாண்டிவிட்டால் என் கைக்குள் பட்ட பயம்தான் தெரியும்.

முதல் தவளையைப் பிடித்ததும் காலருகில் ஏதோ நெளிந்தது. பாம்பு என்று நினைத்து ஊசியைச் சேற்றில் போட்டேன். இரண்டாவது ஊசியைப் பிரித்துக் குத்தி முடிக்க ஆறு நிமிடம். நெளிந்தது என் டார்ச்சின் கயிறு. நேரத்தை மறைக்காமல் எழுதி அனுப்பினேன். பரிசோதனை முடிவு வந்ததும் எங்கள் பேராசிரியை போன் பண்ணினார்.

"தவளை பயந்துச்சான்னு பார்த்துட்டு வரச் சொன்னேன். நீ பயந்ததுதாம்மா இதுல அளவாத் தெரியுது."

கேரளாவுக்கா?

என் கணவர்தான் பைக்கில் கூட்டிப்போய், ரோட்டிலேயே காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவார். ஒரு நாள் வரும் வழியில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். பையில் ஈர வலை, ஊசி, குப்பி. "தவளைக் காலு கேரளாவுக்குப் போகுதோ?" என்று இளையவர் சிரித்தார். பிள்ளை முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வனத்துறை அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.

மூத்தவர் அதை வரிவரியாகப் படித்தார். எதற்கு இந்த ரத்தம் என்று கேட்டார். பயம், தூக்கமின்மை, ஹார்மோன், ஆண் தவளை என்று நான் திக்கித் திக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இளையவரை ஒரு லாரியைப் பார்க்க அனுப்பினார். என் கணவர் பைக்கைத் திருப்பப் போன நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மேடம், எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசம், ஆறு வருசமும் நைட் டூட்டி. தவளைக்குச் சொன்னது மனுசனுக்கும் பொருந்துமா?"

ஈரக் கை

அன்று வீடு வந்து சேரும்போதே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தாள். வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது தடவை சோப்புப் போடும்போது அத்தை பிள்ளையோடு வாசல்படிக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி, தவளைக்குப் பிள்ளை இல்லன்னு அங்கன போயி நிக்க. உனக்குப் பொறந்தது இங்கன தொண்டை வறண்டு கெடக்குது."

இசக்கி அண்ணாச்சி வயல்

நிறைந்த குப்பிகள் ஏழில் நின்றுவிட்டன. குற்றாலத்தில் கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது; சாரல் போகப் போகிறது என்று அர்த்தம். நான் இசக்கி அண்ணாச்சியின் வயல்பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் ஒரு சத்தம் இருக்காது. ஐந்து நாள் உட்கார்ந்தேன். பூச்சிமருந்தோ, தண்ணீரில் ஏதாவது கலந்ததோ என்று நோட்டில் காரணங்களாக எழுதிக்கொண்டே போனேன். ஆறாவது நாள் அழுகையே வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்த வந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார். என்னை டீச்சர் என்றே அவர் முடிவுபண்ணிவிட்டார், நானும் திருத்தியதில்லை.

"டீச்சரம்மா, சொல்லுதேன்னு கோவிக்காதிய. நீங்க வராத அன்னைக்கெல்லாம் காது அடைக்கக் கத்துது. உங்க டார்ச்சு வரப்புல ஏறுனாத்தான் வாயை மூடுது."

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நான் எழுதிய பதினோரு காரணங்களில் என் பெயர் இல்லை.

இறங்காத நாள்

மறுநாள் டார்ச்சைப் போடவில்லை. ரோட்டிலேயே பைக் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தவளை கத்தத் தொடங்கியது. அப்புறம் பள்ளம் முழுக்க. இரண்டு மாதமாக நான் ஒரு நாள்கூடக் கேட்காத சத்தம். இறங்கினால் ஒன்றிரண்டாவது கிடைக்கும். குப்பியெல்லாம் பையில் தயாராக இருந்தது. கால் நகரவில்லை. அதில் என் பயம் எவ்வளவு, அவற்றின் மேல் இரக்கம் எவ்வளவு என்று எந்த ஊசி குத்தியும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டாப்வாட்ச் கையிலேயே இருந்தது. மூன்று நிமிடம் போனது, முப்பது நிமிடம் போனது. என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இம்புட்டு கத்துதே, இன்னைக்கும் இறங்கலைன்னா வேற என்னைக்கு?"

சாரல் முடிந்துவிட்டது. நாளைக்குப் பேராசிரியையிடம் காலியாகவே திருப்பிக்கொடுக்கப் போகும் பதின்மூன்று குப்பிகள்தான், இந்தச் சாரலில் என்னிடமிருந்து தப்பித்துத் தகப்பனான பதின்மூன்று தவளைகள்.