மொத்த மேஸ்திரியின் சொந்த வீடு

அவருக்கு மொத்த மேஸ்திரி என்று யார் பெயர் வைத்தார்களோ, அந்த வாய்க்குச் சர்க்கரை போடலாம். மனுஷனுக்கு எதையும் ஒவ்வொன்றாகச் செய்யத் தெரியாது. செருப்பு வாங்கப் போனால் இரண்டு மகன்களுக்கும் ஒரே அளவில் வாங்கிக்கொண்டு வருவார்; சின்னவனுக்குப் பெரிதாக இருக்கிறதே என்றால், கால் வளரும் என்பார். பெண்டாட்டியைத் திட்டுவதைக்கூட வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, விடுமுறை நாளில் சட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பார். இப்படியெல்லாம் மிச்சம் பிடித்த நேரத்தில் அவர் என்னத்தைச் சாதித்தார் என்று அந்தப் பெண்டாட்டி இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள்.

மரச்சட்டம் நிறுத்தி வீடு கட்டுவது அவர் தொழில். அதிலும் கூரையின் இரண்டு பக்கச் சாய்வுக்கும் ஜோடி ஜோடியாக நிற்கும் கைமரம் அறுப்பதில்தான் அவருடைய பந்தா முழுவதும். மற்ற தச்சர்கள் ஒவ்வொரு மரமாக அளந்து, கோடு போட்டு அறுப்பார்கள். இவர் மாதிரிக்கு ஒரே ஒரு கைமரம் வைத்துக்கொள்வார். அறுக்க வேண்டிய மரங்களையெல்லாம் பக்கத்தோடு பக்கம் நெருக்கி அடுக்கி, முனைகளைச் சுத்தியலால் தட்டி ஒழுங்கு பண்ணி, மாதிரியின் அளவுக்குக் குறுக்கே நூல் அடிப்பார். பிறகு ரம்ப மிஷினை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். உச்சி வெட்டுக்கு ஒரு ஓட்டம், சுவர்மேல் உட்காரும் கொத்துப் பள்ளத்துக்கு இரண்டு ஓட்டம், ஒரு வீட்டுக் கூரைக்கான மரம் முழுக்கத் தயார். வேலை சுத்தம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதை முடித்துவிட்டு, அடுத்தவன் அறுப்பதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார் பாருங்கள், அப்போது ஓங்கி இரண்டு விடலாம் போலிருக்கும்.

"ஒவ்வொண்ணா அளக்கறவன் தச்சனாய்யா? நகம் வெட்டறவன்!" என்பார். அவரே சிரித்தும் கொள்வார்.

பெண்டாட்டி தையற்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளும் துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாகத்தான் வெட்டுவாள். ஆனால் முதலில் ஒன்றே ஒன்றை வெட்டித் தைத்து, ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதில் கத்திரியை வைப்பாள். இதைப் புருஷனிடம் சொன்னால், "துணியும் மரமும் ஒண்ணாடி?" என்று மூக்கால் சிரிப்பார். துணியிலாவது ஒட்டுப் போடலாம், மரத்துக்கு என்ன செய்வீர் என்று கேட்க வாய் வரும். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவாள்.

ஊருக்கெல்லாம் கூரை போட்ட இந்தப் பெரிய மனுஷரின் குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. அவளுடைய வெட்டு மேஜை நடைவழியில் கிடந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் போகிறவர்கள் வருகிறவர்கள். துணியைத் திருப்ப வேண்டுமென்றால் மேஜைமேல் ஏறி உட்கார வேண்டும். வீட்டுக்காரர் வேறு மழைக்கு முன்னால் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்த வீடு கட்டுவதென்று முடிவானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பின்பக்க அறையில் மேஜை நிற்க வேண்டும், சுற்றி அவள் நடக்க வேண்டும். மேஸ்திரி வழக்கமாக முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே விடும் அகலத்தில் அது ஆகாது. ஒரு முழம் கூட்ட வேண்டும். அந்த ஒரு முழத்துக்கு வீட்டில் நடந்த சண்டை இருக்கிறதே, அப்பப்பா! கடைசியில், "எடுத்துத் தொலை," என்றார்.

அந்தச் சமயம் அவருக்கு வேறொரு வீட்டில் கூரை வேலை. அதனால் அவளுடைய தம்பிதான் நின்று, கூட்டிய அகலத்துக்குத் தரையும் சுவர்ச் சட்டங்களும் எழுப்பினான். கைமரம் அறுக்கும் நாளில்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தார். வேடிக்கை பார்க்க நாலைந்து தச்சர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முந்தைய வீட்டுக்கு மாதிரியாக வைத்த கைமரம் அவர் தோளில் இருந்தது.

"என்னங்க, ஒரு ஜோடிய மட்டும் அறுத்து மேல ஏத்திப் பாத்துட்டு, அப்புறம் மத்ததை அறுங்களேன்," என்றாள் அவள்.

"ஏத்திப் பாக்கறது கத்துக்குட்டிங்க வேலை. நீ போய் டீயப் போடு," என்றார் அவர். தச்சர்கள் சிரித்தார்கள். ரம்பம் ஓடியது. மரத்தூள் பறந்தது. டீ வருவதற்குள் அத்தனை மரத்தையும் அறுத்துத் தள்ளிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

தம்பி முதல் ஜோடியை மேலே ஏற்றினான். இரண்டு கைமரமும் சுவர்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. உச்சியில் மட்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் முகட்டுப் பலகைக்கு விட்ட இடம் போக ஒரு முழத்துக்கு வானம் தெரிந்தது.

"சுவர் விலகியிருக்கு! யாருடா நிறுத்தினது?" என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார். விழுந்தாலும் அவர் மீசையில் மண் ஒட்டாது.

தம்பி டேப்பை இழுத்து அளந்தான். "சுவர் சரியாத்தான் மாமா இருக்கு. ஒரு முழம் கூட்டினோமே, அதுக்கு நீங்க மரம் விடல."

"எந்த முழம்?"

"அக்கா மேஜைக்கு."

"எந்த மேஜை?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறந்துபோச்சு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். மறக்க வேண்டுமென்றால் முதலில் மண்டையில் ஏறியிருக்க வேண்டுமே! அவள் பட்டினி கிடந்து, முகம் வீங்க அழுது வாங்கிய முழம் அந்த மனுஷன் காதோடு நின்றுவிட்டிருக்கிறது.

அறுத்ததை ஒட்ட முடியாது. அவ்வளவு நீளமான புது மரம் மழை முடிந்துதான் வருமென்று மரக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். பிறகு பெரிய கண்டுபிடிப்புப் போல, "பின்சுவரை ஒரு முழம் உள்ள தள்ளுங்கடா. எல்லாம் சரியாப் போயிடும்," என்றார். பின்சுவருக்கு இந்தப் பக்கம் யாருடைய அறை என்று அப்போதும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. தூ, இவனும் ஒரு மனுஷன் என்று அவள் மனசுக்குள் காறித் துப்பினாள்.

"பின்சுவர்ல கை வைக்காத தம்பி," என்றாள். "முன்சுவரைத் தள்ளு."

"முன்னாடி ஹாலுடி! நாலு பேரு வந்து உக்கார்ற இடம்!"

"வர்ற நாலு பேரும் உங்க கூரையப் பாக்கத்தானே வரப்போறாங்க? நின்னு பாக்கட்டும். நல்லாத் தெரியும்."

தச்சர்களில் ஒருவருக்கு டீ புரையேறியது. தம்பி மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். இறங்கி, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனான்.

மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியேடி. வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா நானே ஏதாவது பண்ணியிருக்க மாட்டேனா?"

"கேட்டுப் பாத்தாச்சு," என்றாள். "இனிமே உங்களை எதுவும் கேக்கறதா இல்ல. வேணுங்கறதை நானே எடுத்துக்கறேன்."

முன்சுவரின் அடிச்சட்டத்தில் முதல் ஆணி கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவர் சாயாமல் பிடிக்க ஆள் வேண்டுமென்று தம்பி கூப்பிட்டான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.