பக்கத்து வீட்டைப் பார்த்த கிளைகள்

டொலார்ட் என்ற புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்னால் ஒரு நீல ஸ்புரூஸ் மரம் நின்றது. கூரையைத் தாண்டிய உயரம். மூன்றாவது கோடையில் அதன் ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமாகி, ஊசி இலைகளை உதிர்க்கத் தொடங்கின. பக்கத்து வீட்டைப் பார்த்த பக்கம்.

அந்த வீட்டில் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பொறியாளர் ஒருவர் மனைவியோடு இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குடிவந்த மாதமே, "சார், உங்க மரத்து ஊசியெல்லாம் என் கார் மேலயே விழுது. கொஞ்சம் வெட்டக் கூடாதா?" என்று கேட்டார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நான் வெட்டவில்லை. ஆகவே மரம் காய்ந்ததும் எனக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

"அவன் வேருக்கு ஏதோ ஊத்தியிருக்கிறான்," என்றேன் மனைவியிடம்.

"கண்டனீங்களோ?"

"காணத்தான் வேணுமோ? மற்றப் பக்கம் பச்சையாத்தானே நிக்குது."

"சும்மா ஆளில பழி போடாதேங்கோ."

டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் எனக்குக் காலை வேலை. மூன்று மணிக்கே வீடு வந்துவிடுவேன். தேத்தண்ணியோடு குசினி ஜன்னலில் நின்று, அவர் காரிலிருந்து இறக்கும் ஒவ்வொரு பையையும் பார்ப்பேன். ஒருநாள் மரத்தடி மண்ணைக் கிள்ளி முகர்ந்தேன். மண் வாசம்தான். மணமில்லாத நஞ்சாக்கும் என்று முடிவு செய்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவர் என் மரத்தடியில் நின்றார். ஒரு கையில் வெள்ளைத் தாள். மற்றக் கையால் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனேன்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"இதப் பாருங்க சார்," என்று தாளை நீட்டினார். மிளகுத்தூள் சிந்தியது போலப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் அவை நகர்ந்தன. ஒன்றை விரலால் தேய்த்தார். பச்சைக் கோடு விழுந்தது.

"சிலந்திப் பேன். சாற உறிஞ்சிடும். செடி விக்கிற கடையில கேட்டேன். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற எங்க ஸ்புரூஸுக்கும் வந்துடுமோன்னு பயம்."

"அப்ப ஏன் இந்தப் பக்கம் மட்டும்?"

"போன வருஷம் இந்தப் பக்கம் என்ன மருந்து அடிச்சீங்க? மாடியிலேர்ந்து பாத்தேன். சில மருந்து, பேனைத் தின்னுற பூச்சியக் கொன்னுடுமாம். அப்புறம் பேன் பெருகிடுமாம்."

மாகாணம் பல தோட்ட மருந்துகளைத் தடை செய்திருந்த காலம் அது. காட்டிக்கொடுக்கப் போகிறாரோ என்று பயந்து, "நான் ஒண்டும் அடிக்கேல்லை," என்றேன்.

வாசலில் நின்ற மனைவி, "இந்தப் பக்கக் கிளையில இருந்த குளவிக் கூட்டுக்கு அடிச்சனீங்கள் எல்லோ? கராஜுக்குள்ள முந்தின ஆக்கள் விட்டிட்டுப் போன டின்," என்றாள்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரம் இருவருமாகக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, கிளைகளின் உட்புறத்தைக் கழுவினோம். பாதியில், "தம்பி, நான் உம்மைத்தான் நினைச்சன்," என்றேன்.

"தெரியும் சார். நானும் நீங்க மருந்து அடிச்சதச் சொல்லி சிட்டி ஆபீசுக்குப் போன் பண்ணலாமான்னு ரெண்டு தடவை யோசிச்சேன்."

குளிர் வரும்வரை வாராவாரம் கழுவினோம். அடுத்த ஜூனில் நுனிகளில் நீலத் தளிர் வந்தது. உள்ளே உதிர்ந்த இடங்கள் மொட்டையாகவே இருந்தன.