நெட்வொர்க் போனது போல் நடிப்பது எப்படி

மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உடற்கல்வி ஆசிரியர். பத்தொன்பது வருடங்களாக விசில் ஊதுகிறேன். ஒரு ஏப்ரல் கடைசியில் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு, கோடைப் பள்ளியில் நாடகப் பயிற்சியை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, வேறு யாருக்கோ சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் கோடைப் பள்ளி ஆன்லைனில் நடப்பது. ஊரடங்கின்போது வேறு வழியில்லாமல் தொடங்கினார்கள். அது முடிந்த பிறகும் பெற்றோர்கள் விடவில்லை. லீவுக்குக் குழந்தைகள் தாத்தா வீடு, அத்தை வீடு என்று எங்கெங்கோ போய்விடுகிறார்கள். எங்கே இருந்தாலும் காலையில் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தோன்றிவிட்டது. ஓவியம், காகித பொம்மை, நாடகம், கூடவே கொஞ்சம் கணக்கு. நாடகத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்குப் பெங்களூரில் ஒரு டிவி சீரியலில் போலீஸ்காரர் வேஷம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார்.

"உங்களுக்கு நல்ல குரல் இருக்கு சார்," என்றார் பிரின்சிபால் கன்னடத்தில். "குழந்தைகளுக்கு உங்களைப் பிடிக்கும். வேற என்ன வேணும்?"

நாடகம் தெரிய வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் ஸ்டோர் ரூமில் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கும் வேலைக்குப் போட்டிருப்பார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வித்யாரண்யபுரத்தில் எங்களுக்கு இரண்டு அறை கொண்ட வீடு. என் மனைவி ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். முதல் நாள் அவள்தான் இட்லிப் பானையைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து, என் முகம் தெரிகிற மாதிரி சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, அது மைக்குங்க. மைதானமில்ல. மெல்லப் பேசுனாலே கேக்கும்," என்றாள். அவளுக்குக் கொள்ளேகால் பக்கம். எதையும் மரியாதையோடுதான் சொல்வாள்.

பதினாலு குழந்தைகள் பதினாலு கட்டங்களில் தெரிந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். கை தன்னால் பாக்கெட்டுக்குள் போனது. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். பதினாலு பேரும் ஒரே நேரத்தில் ஹெட்போனைப் பிடுங்கிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். நஞ்சன்கூட்டிலிருந்த பையன் ஒருவனின் மாமா பனியனோடு ஓடிவந்து திரையில் முகத்தை வைத்து, "ஏனாய்த்து?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, நாடக வகுப்பு என்றேன்.

அன்றைக்கு யானை மாதிரி நடங்கள் என்றேன். எழுந்து நடந்தார்கள். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால்கள். இரண்டாம் நாள் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பது, அழுவது. பாதிப் பேர் நாக்கை நீட்டினார்கள். ஒரு மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மைதானத்தில் மழை வந்தால் ஆடவைக்கும் பழைய விளையாட்டையே எடுத்தேன். எல்லாரும் ஆட வேண்டும், நான் 'ஸ்டாச்சு' என்றதும் அப்படியே நிற்க வேண்டும். அசைந்தவர் அவுட்.

ஒவ்வொருவராக அவுட் ஆனார்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும் நின்றாள். ஆறாம் வகுப்பு. லீவுக்கு அம்மாவோடு, கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு கை மேலே, வாய் பாதி திறந்து, கண் ஒருபக்கமாகச் சொருகி, இமைகூட ஆடவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "இதுதான் நடிப்பு! எல்லாரும் கை தட்டுங்க!" என்றேன். தட்டினார்கள். அப்போது அவள் கட்டம் மறைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது.

"சாரி சார், நெட்வொர்க் போயிடுச்சு," என்றாள். "ஏன் எல்லாரும் கை தட்டறீங்க?"

நான் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. குழந்தைகளும் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் அந்தப் பெண் அதே மாதிரி நின்றாள். சரி, நெட்வொர்க் போய்விட்டது என்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு கோழி சாவகாசமாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்துபோனது. "சார், கோழி! கோழி நடக்குது! அவ நடிக்கறா!" என்று நஞ்சன்கூட்டுப் பையன் கத்தினான். அவ்வளவுதான், வகுப்புக்கு வழி பிறந்துவிட்டது.

நெட்வொர்க் போனது போல் எப்படி நடிப்பது என்பதே எங்கள் பாடம். சொல்லிக்கொடுத்தது அவர்கள், கற்றுக்கொண்டது நான். பின்னால் மின்விசிறி சுற்றக் கூடாது, காலண்டர் ஆடக் கூடாது. அழகாக நிற்கிறவன் மாட்டிக்கொள்வான். நெட்வொர்க் நம்மை எப்போதும் கோணலான முகத்தோடுதான் பிடிக்கும். ஒரு சொல்லின் நடுவில் நிறுத்த வேண்டும், சொல் முடிந்த பிறகு நிறுத்தினால் நம்ப மாட்டார்கள். மூச்சை வயிற்றில் மெல்ல விட வேண்டும், தோள் ஏறி இறங்கக் கூடாது. நாடகம் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது, ஆனால் பத்தே நாளில் வகுப்பில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

என் வகுப்பு முடிந்ததும் பதினொன்றரைக்கு அதே குழந்தைகளுக்குக் கணக்கு. அதை எடுத்தவர் எங்கள் கணக்கு மேடம். மேல்கோட்டைப் பூர்வீகம், வீட்டில் பேசுவது தமிழ் என்பதால் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவரும் தமிழில்தான் பேசுவோம். பேசுவது என்றால், பெரும்பாலும் சண்டை. போர்ஷன் முடியவில்லை என்று என் விளையாட்டுப் பீரியடை அவர் எடுத்துக்கொள்வார். நான் முணுமுணுப்பேன்.

ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், குழந்தைகளுக்கு நீங்க என்ன சொல்லிக்குடுத்திருக்கேள்?"

"நாடகம் மேடம். ஏன்?"

"மூணு நாளா யாரையாவது எழுப்பிக் கேள்வி கேட்டா அப்படியே நின்னுபோறா. ஒருத்தர் போனா அடுத்தவர். என் நெட்வொர்க்தான் சரியில்லைன்னு கம்பெனிக்கு ரெண்டு தரம் போன் பண்ணினேன். ஆள் வந்து வயரெல்லாம் மாத்திட்டுப் போனான். இன்னிக்கு மொட்டை மாடில உக்காந்துண்டு கிளாஸ் எடுத்தேன். அந்த ராமாபுரத்துப் பொண்ணைப் பின்னத்தைக் கூட்டச் சொன்னேன். கையைத் தூக்கிண்டு நின்னுட்டா. நான் காத்துண்டே இருக்கேன். பின்னாடி அவ அம்மா வந்து, 'ஏனம்மிணி, இப்படியே நிக்கற? மாங்கா அறுத்து வெச்சு எத்தன நேரமாச்சு?'ன்னு கேக்கறா! அம்மா நடக்கறா, பேசறா, பொண்ணு மட்டும் ஆடலை!"

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மேடம் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பிரின்சிபால் எங்கள் இருவரையும் ஆன்லைனில் கூப்பிட்டார். வாசலில் தூறல் ஆரம்பித்திருந்தது. கணக்கு மேடம் நடந்ததைச் சொன்னார். பிரின்சிபால் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்றார். "மேடம், என் தப்புதான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். 'மேடம்' வரைக்கும் வந்திருக்கும். அப்போது என் நெட்வொர்க் போனது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சற்று நேரம் கழித்துப் பிரின்சிபால் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறந்து ஒரு கண்ணை மூடியபடி திரையில் நின்றிருக்கிறேன். "சார், இது விளையாட்டு இல்ல," என்று பிரின்சிபால் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். கணக்கு மேடம், "பாத்தேளா, நம்மகிட்டயே!" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு இணைப்பு திரும்பியபோது யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்த மனைவி முழுவதையும் கேட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். "போன்ல பேசாதீங்க. நேர்ல போங்க. பாவம், மொட்டை மாடில போய் உக்காந்திருக்காங்க," என்றாள்.

காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜெயலட்சுமிபுரம் போனேன். மேடம் கதவைத் திறந்தார். நேராக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் கட்டிவைத்த குடை, கீழே உட்கார ஒரு தலையணை. அங்கே உட்கார்ந்துதான் மே மாத வெயிலில் வகுப்பு எடுத்திருக்கிறார். ஸ்டூலில் ஒரு நோட்டு இருந்தது. பதினாலு குழந்தைகளுக்கும் தனித்தனியாகக் கணக்கு போட்டு வைத்திருந்தார். நஞ்சன்கூட்டுப் பையனுக்குக் கிரிக்கெட் ரன், ராமாபுரத்துப் பெண்ணுக்கு மாங்காய்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மொதல் நாள் சந்தோஷமா இருந்தது சார்," என்றார் மேடம். "குழந்தைகள் ஆடாம அசையாம கவனிக்கறாளேன்னு நெனச்சுண்டேன்."

"மன்னிச்சுக்குங்க மேடம்," என்றேன். "நேத்து நெஜமாவே நெட்வொர்க் போச்சு. ஆனா அதுக்கு முன்னால போன்ல சிரிச்சது நெஜம். அது தப்பு."

மேடம் நோட்டை மூடினார். "சரி. ஆனா தண்டனை உண்டு. கோர்ஸ் முடியற வரைக்கும் தெனம் என் கிளாஸ்ல வந்து உக்காரணும். கேமரா போட்டுண்டு. கேட்டா பதில் சொல்லணும்."

ஒத்துக்கொண்டேன். கீழே காபி கொடுத்தார். காபியை நான் குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஆமாம், கண்ணை இமைக்காம அவ்வளவு நேரம் எப்படி?" என்று கேட்டார். பார்க்கிற இடத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டால் கண் எரியாது என்றேன். தன் டம்ளரைக் கையில் பிடித்தபடி செய்து பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அவர் கணவர், "பேப்பர் எங்க?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்துவிட்டது. மேடத்தால் அதற்குமேல் முடியவில்லை. காபி சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்.

அன்றைக்கே பதினொன்றரைக்குக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தேன். மொட்டை மாடியைப் பற்றி என் வகுப்பில் நான் சொல்லியிருந்ததால், குழந்தைகள் அவரிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள். ராமாபுரத்துப் பெண் கண் கலங்கிவிட்டாள். மேடம், "நடிப்பு நன்னா இருந்தது. பின்னம்தான் நன்னா இல்லை," என்றார். பிறகு நேராக என்னைக் கூப்பிட்டு, முக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு என்றார். கால் என்றேன். பதினாலு குழந்தைகளும் குதித்த குதியில் எனக்கு என் பள்ளி நாளெல்லாம் கண்முன் வந்துபோனது. ஒன்றரை என்று அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். வாரக் கடைசிக்குள் எனக்குப் பின்னம் வந்துவிட்டது.

பிரின்சிபாலிடம் மேடமே பேசிச் சரிசெய்தார். கடைசி ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். கதை குழந்தைகள் எழுதியது: ஒரு ஆன்லைன் வகுப்பில் எல்லா மாணவர்களும் உறைந்துபோகிறார்கள், டீச்சர் அவர்களை ஒவ்வொருவராக உயிர்ப்பிக்கிறார். டீச்சர் வேஷம் ராமாபுரத்துப் பெண்ணுக்கு. கணக்கு மேடம் தனக்கு மாணவி வேஷம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, இரட்டைப் பின்னலோடு வந்து உட்கார்ந்தார். எனக்கு செல்போன் டவர் வேஷம். தலையில் எவர்சில்வர் சல்லடையைக் கட்டிக்கொண்டு கையை விரித்து நிற்க வேண்டும். மனைவி பின்னாலிருந்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பெற்றோர்கள், தாத்தா பாட்டிகள், அந்தப் பனியன் மாமா எல்லாரும் பார்வையாளர்கள். பாதி நாடகத்தில் மைசூரில் மழை கொட்ட ஆரம்பித்தது. கரெண்ட் போனது. நான் போனில் மறுபடி நுழைந்து பார்த்தால், நாலைந்து பேர் நிஜமாகவே உறைந்திருந்தார்கள், அவர்களில் கணக்கு மேடமும் ஒருவர். அவர் முகம் இருந்த கோணலில் பார்வையாளர்கள் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராமாபுரத்துப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு நிதானமாக, "பரவால்ல, இவங்க வர்ற வரைக்கும் நாம டவர்கிட்ட பேசலாம்," என்று என்னைப் பார்த்துத் திரும்பினாள். "டவர் சார், உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எழுதாத வசனம். "ஒரே எடத்துல நிக்கறதுதாம்மா கஷ்டம்," என்றேன். வாயில் வந்தது அதுதான். மேடம் திரும்பி வரும்வரை பத்து நிமிடம் அவள் என்னைக் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமை உண்டு.

நாடகம் முடிந்த பிறகு யாரும் போகவில்லை. "இங்க மழையே இல்ல சார், பாருங்க," என்று ராமாபுரத்துப் பெண் போனைத் திருப்பிக் காட்டினாள். வெயில் மஞ்சளாகக் கிடந்தது. உடனே எல்லாரும் தங்கள் ஜன்னல்களைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மேகம் மட்டும். நஞ்சன்கூட்டுப் பையன், "இங்கே இப்பதான் வருது!" என்று கத்திக்கொண்டு போனோடு வாசலுக்கு ஓடினான். முதல் துளிகள் அவன் கேமராவில் விழுந்து ஊர் முழுக்கக் கலங்கித் தெரிந்தது.

"மைசூர்ல அஞ்சு இருபதுக்கு ஆரம்பிச்சது," என்றார் கணக்கு மேடம், பின்னலை அவிழ்த்துக்கொண்டே. "நஞ்சன்கூடு இருபத்துமூணு கிலோமீட்டர். இப்போ அஞ்சு அம்பது. மழை என்ன வேகத்துல போயிருக்கு?"

குழந்தைகள் விரல் விட்டு எண்ணினார்கள். நானும் எண்ணினேன். மணிக்கு நாற்பத்தாறு என்று பனியன் மாமாதான் முதலில் சொன்னார். நஞ்சன்கூடு பஸ்ஸும் அதே வேகம்தான் என்றார்.