அப்பா போட்டுக்கொண்ட பத்து

“ஏண்டி, மனசுக்கு மார்க்கு போட்டா எந்தம்பி குடிய உட்டுடுவானா? இதுக்குத்தான் காலேஜி வரைக்கும் போனியா?”

அத்தை மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. குடியை நிறுத்த அப்பாவைச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான். வீடு திரும்பும்போது அங்கிருந்த ஆலோசகர் ஒரு வழி சொன்னார். தினமும் காலையில் அப்பா தன் மனசைத் தானே பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். பத்து என்றால் நிம்மதி. மூன்றுக்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்துவிட வேண்டும்.

அப்பாவுக்குக் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. விடியும்போது டீ எடுத்துக்கொண்டு போவேன். உடைத்த ஐஸிலிருந்து வெண்புகை எழும்பிப் படகுகளின் அடியை மறைத்திருக்கும். அவை தண்ணீரை விட்டுவிட்டு மேகத்தில் நிற்பது போலிருக்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து அப்பா மெல்ல உருவாகி வருவார்.

“இன்னிக்கு எவ்ளோப்பா?”

“பத்து.”

மறுநாளும் பத்து. இரவெல்லாம் அவர் புரண்டது எனக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் பத்து. வேலை முடிந்து கூட்டாளிகள் கடைப்பக்கம் திரும்பினால், அவர் கண் அவர்கள் முதுகையே பிடித்துக்கொண்டு போகும். ஒருநாள் காலும் கூடவே போய்விடும் என்று பயந்தேன்.

“நெஜமாவே பத்தாப்பா?”

“பின்ன? நீ எந்தப் பரீட்சையில கம்மியா வாங்கியிருக்க? ஒங்கப்பன் ரெண்டு, மூணுன்னு சொன்னா ஒனக்குத்தான அசிங்கம்.”

என் மார்க் அட்டைகளில் கைநாட்டு வைத்து, பெருவிரலில் மை காய்வதற்குள் தெரு முழுக்கக் காட்டியவர் அவர். மனசைப் பார்க்கச் சொன்னதையும் பரீட்சை என்றே நினைத்திருக்கிறார். என் மானத்துக்காக அதிலும் தினமும் பாஸாகிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கேள்வியை விட்டுவிட்டேன்.

“இன்னிக்கு எனக்கு நாலுப்பா.”

“ஒனக்கா?”

“தூக்கமே இல்ல. நீ திரும்பக் குடிச்சிடுவியோன்னு பயமா இருக்கு.”

அப்பா டீயையே பார்த்தார். எங்கோ ஒரு படகின் இன்ஜின் விட்டுவிட்டுத் துடித்தது. புகை எங்கள் முழங்கால் வரை வந்து நின்றது.

“நாலுன்னா ஃபெயில் இல்லியா?”

“இதுல ஃபெயிலே கெடையாதுப்பா.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ எனக்கு ரெண்டு” என்றார். “நேத்து கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்.”

வீட்டில் பையை எடுக்கும்போது அத்தை கேட்டாள்: “எத்தினியாம்?”

“ரெண்டு.”

“ரெண்டுக்காடி இப்பிடிச் சிரிக்கிற?”

பையைத் தோளில் மாட்டி அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது அப்பா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். கீழே ஆறு வெயிலில் கரைந்து வானத்தோடு கலந்திருந்தது. என் உள்ளங்கையில் சிதம்பரத்துக்கு எடுத்த இரண்டு டிக்கெட்டுகள் வியர்வையில் நனைந்திருந்தன. “ரெண்டு சொல்லிட்டாரு, வந்துகிட்டிருக்கோம்” என்று ஆலோசகருக்குக் கிளம்பும்போதே போன் செய்திருந்தேன்.