இடது பக்கத்து இருக்கை

கியர் கம்பியின் நடுக்கம் இன்றும் என் வலது உள்ளங்கையில் இருக்கிறது. டாக்டரிடம் காட்ட வேண்டிய நடுக்கம் அல்ல. கம்பியின் தலையில் இருந்த கறுப்பு உருண்டை வெயிலில் சூடேறி, எஞ்சின் ஓட ஓட உள்ளங்கைக் குழிக்குள் விர்ரென்று அதிர்ந்துகொண்டிருக்குமே, அந்த நடுக்கம். கூடவே பெட்ரோலும் சூடான ரெக்ஸினும் கலந்த ஒரு வாசனை. 1991இல் எனக்குப் பத்து வயது. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரின் பெயரை நாடே சொன்னதற்குக் காரணம் வேறு. எனக்கு அந்த வருஷம் என்றால் ஒரு காரின் இடது பக்கத்து இருக்கைதான்.

அப்பா மெட்ராஸில் பந்தயக் கார்களைத் தயார் செய்யும் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். சோழவரம் கார் பந்தயத்தில் மற்றவர்கள் ஓட்டுவதற்கு வண்டி கட்டிக் கொடுத்தவர், ஆள் வராத நாட்களில் தானும் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் எஞ்சினைத் தூக்கும் சங்கிலி அறுந்து இடது கை அடியில் சிக்கிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது முதலாளி பட்டறை மூலையில் கிடந்த ஒரு வண்டியையும் கொடுத்து அனுப்பினார். பழைய ஃபியட்டின் கூரையை வெட்டி, பின் இருக்கையைப் பிடுங்கி, ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்த கியரைத் தரைக்கு மாற்றி, ஆரஞ்சு நிறம் அடித்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். நம் ஊர்க் கார்களில் கியர் இருப்பது ஓட்டுகிறவரின் இடது கைப் பக்கம். இடது கை போனவருக்கு அப்படியொரு வண்டியைக் கொடுத்தது கருணையா கிண்டலா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா நர்ஸ். ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றல் கிடைத்ததும் பெரம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மண்ணூருக்குக் குடிவந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ஒத்தக்கையர் பொண்ணு' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்ததோடு சரி, சண்டை போடக்கூட யாரும் கிட்டே வரவில்லை. அம்மா டியூட்டிக்குப் போய்விட்டால், கையோடு பேச்சையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்த அப்பா ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாகப் பொழுது போகும். தனிமை என்ற சொல்லெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சுவரில் இருந்த பல்லிக்குப் பெயர் வைத்து, அதனிடம் அன்றைய வீட்டுப்பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அப்பா புளியமரத்தடியில் நின்ற காரில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். ஒருநாள் அணைக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, இங்க வா. இப்டி குந்து."

நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவர் தன் வலது கையைக் குறுக்கே நீட்டி, என் வலது கையைப் பிடித்து அந்தக் கறுப்பு உருண்டையின் மேல் வைத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு நாலு கியரும் இருக்கும் நாலு மூலைகளையும் என் கையைக் கொண்டே எனக்குக் காட்டினார். நான் குனிந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தால், "கண்ணால பாக்காத, காதால கேளு" என்பார். முரட்டுத்தனமாகத் தள்ளினால், "கியர போடக் கூடாது பாப்பா, குடுக்கணும்" என்பார். அவர் கிளட்சை மிதித்து "ம்" என்றால் மேல் கியர். இரண்டு தடவை "ம்" என்றால் கீழ் கியர். எங்கள் மொழியில் இருந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்படுவோம். ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் வரைக்கும் இரண்டு பக்கமும் நெல்வயல், எப்போதாவது ஒரு மாட்டுவண்டி, ஒரு லாரி. கூரையில்லாத வண்டியில் காற்று முகத்தில் அறையும். எஞ்சினின் குரல் ஏறி ஏறி, இதற்கு மேல் தாங்காது என்று கத்தும் இடத்தில் "ம்" வரும். என் கை கியரைக் கொடுக்கும். வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு முன்னைவிட வேகமாக ஓடும். ஒரு மாதத்துக்குள் அவர் "ம்" சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதற்காகக் காத்திருப்பேன், அந்த ஒரு சொல்லை எதற்காக விட வேண்டும்? வாலாஜாபாத் டீக்கடைக்காரர் ஒருமுறை, "இன்னா சார், பொண்ணு கீரு போடுது, நீ சொம்மா குந்திகினு வர்ற" என்று கேட்டபோது அப்பா எனக்கு இன்னொரு பொறை ரொட்டி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் அம்மா, "கை போச்சி, கொழுப்பு போவல" என்பாள். எனக்கோ அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் நிற்கும். சொல்லக் கூடாதுதான், ஆனால் அப்பாவுக்கு அந்தக் கை இல்லாதது எனக்கு நல்லதாகவே பட்டது. என் கைக்கு உலகத்தில் ஒரு வேலை இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த வண்டி புளியமரத்தடியை விட்டு நகராது.

பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகப் பந்தயத் தடம் போட்டிருந்தார்கள். பந்தய நாட்களில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வண்டிகளின் இரைச்சல் வீடு வரைக்கும் வரும். அப்பா மதில் அருகே போய்த் தலையைச் சாய்த்து நின்றுவிடுவார். வெளி ஆட்களும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து தடத்தில் சுற்றலாம் என்று ஒருநாள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு விசாரிக்கப் போனார். வாசலில் இருந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, "வண்டில ஓட்றவரு மட்டும்தான் சார். கொயந்தய எல்லாம் உள்ள வுட மாட்டாங்க" என்றார். அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் அப்பாவின் "ம்" எல்லாமே கொஞ்சம் தாமதமாக வந்தன.

அடுத்த வாரம் சுங்குவார்சத்திரத்திலிருந்து வெல்டர் தாஸ் மாமா வந்தார், அப்பாவின் பழைய சிநேகிதர். இரண்டு பேரும் பகலெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு இரும்பு வளையம் ஏறியது. உள்ளே தோல் சுற்றி, அப்பா தன் இடது கையின் மிச்சத்தை அதில் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். கியர் கம்பியைப் பிடுங்கி, அடியில் ஒரு தண்டு கொடுத்து, அவருடைய வலது கைப் பக்கம், கதவை ஒட்டிக் கொண்டுபோனார்கள். கம்பி இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து மூடினார்கள். கடைசியாக என் இருக்கையின் போல்ட்டுகளைக் கழற்றினார் தாஸ் மாமா.

"அது எதுக்கு மாமா?"

"வெயிட்டு கொறையும் பாப்பா. இன்னா, மூஞ்ச தூக்கி வெச்சினு கீற? இனிமே உனக்கு லீவு. ஜாலியா இரு."

இருக்கையை மதில் ஓரம் சாய்த்து வைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வலது கையால் புதுக் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் வந்தது. அம்மாவும் நானும் தடத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்றோம். ஆரஞ்சு வண்டி ஒற்றைத் தலையோடு போவதைப் பார்த்தபோது அது யாருடைய வண்டியோ போல இருந்தது. தூரத்து வளைவில் மறைந்த பிறகும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குரல் ஏறி ஏறி அந்த இடத்துக்கு வந்ததும், வேலியைப் பிடித்திருந்த என் வலது கை தானாக இறங்கியது. ஒரு கியராவது சரியாக விழாமல் பற்கள் கரகரவென்று தேயும் என்று எதிர்பார்த்தேன். இல்லை, எதிர்பார்க்கவில்லை, வேண்டிக்கொண்டேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஒன்றுகூடத் தவறவில்லை. என் கை எப்போது அசைந்ததோ சரியாக அப்போது அங்கேயும் கியர் மாறியது.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். கை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம். "இனிமே எனக்கு யார் தயவும் வேணாம்."

ஊர் உலகத்தைத்தான் சொன்னார். அந்த ஊர் உலகத்துக்குள் நானும் இருந்தது அவருக்குத் தோன்றவில்லை. வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் அவர் முன்னால் போனார், நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பந்தய வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பட்டறையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பேச்சு திரும்பியது, ஆனால் பேச்சையெல்லாம் பட்டறையில் பேசித் தீர்த்துவிட்டு இருட்டிய பிறகு வருவார். என் இருக்கை இருந்த இடத்தில் டூல்ஸ் பெட்டியும் ஸ்டெப்னியும் ஏறிக்கொண்டன. மதில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்துதான் நான் ஆறாம் வகுப்புப் பாடங்களைப் படித்தேன். மழையில் ரெக்ஸின் கிழிந்து தேங்காய்நார் வெளியே வந்த பிறகும் அதில்தான் உட்காருவேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா நன்றாக இருந்தார், எனக்கும் அதில் சந்தோஷம்தான். பல்லியிடம் மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை.

அந்த வண்டி எப்போதோ கைமாறிவிட்டது. பக்கத்து வல்லம் வடகால் கிராமத்து வயல்களில் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன. நாங்கள் பறந்த ஒரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நகர்கின்றன. அம்மா இல்லை. அப்பாவைக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போகிறேன். எனக்கு இடது பக்கம் அவர் உட்கார்ந்து வருகிறார். இந்த நெரிசலில் கிளட்சை மிதித்து மாளாது என்று ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். இருவருக்கும் நடுவில் ஒரு குச்சி இருக்கிறது, புறப்படும்போது ஒருமுறை தள்ளினால் போதும், போய்ச் சேரும்வரை அதற்கு வேலை இல்லை. அவருடைய நல்ல கை வலது கை என்பதும், இடது இருக்கையில் உட்கார்ந்தால் அது கியருக்குப் பக்கத்திலேயே வரும் என்பதும் வாங்குகிற அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

போன வாரம் ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் சாலை கொஞ்சம் காலியாகக் கிடைத்தது. வேகம் எடுத்தேன். எஞ்சினின் குரல் ஏறியது. பார்வை மங்கிய அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரியாக அந்த இடத்தில், "ம்" என்றார்.

வண்டி அதற்குள் தானாகவே கியரை மாற்றிக்கொண்டுவிட்டது.