எஞ்சினியரின் அக்கா

தம்பி எஞ்சினியரான பிறகு எனக்குக் கேட்கும் சீதனம் கூடிவிட்டது. நடந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் பழக்கியிருக்கிறார்கள். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

முள்ளியவளையில் எங்கள் வீட்டில் மூன்று பேர்: அம்மா, நான், தம்பி. அப்பா கடைசிச் சண்டையில் போனவர். நான் ஒரு பத்திரிகைக்கு மாவட்டச் செய்தி அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வயலும் கச்சான்கடலைத் தோட்டமும். தம்பிக்குக் கணிதப் பிரிவில் பல்கலைக்கழகம் கிடைத்தபோது யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஒருவர், "வன்னிக்கு விடுற குறைஞ்ச வெட்டுப்புள்ளிக்கு ஆடு மாடும் எஞ்சினியராகலாம்" என்றார். பிறகு அவரே தன் வீட்டுக்கு வந்தவர்களிடம் தம்பியின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டினாராம்.

நீர்ப்பாசனப் பகுதியில் தம்பிக்கு வேலை கிடைத்ததும் ஊர் எங்களைப் பார்க்கும் விதம் மாறியது. கோயிலில் பெரிய பூசை ஒன்றை எங்கள் செலவென்று எங்கள் பெயரில் எழுதினார்கள். மீன்காரர் அம்மாவிடம் மலிவான சூடை மீனைக் காட்டுவதை நிறுத்தினார். "உது உங்களுக்குச் சரிவராதம்மா. பாரை எடுங்கோ. எஞ்சினியர் வீடெல்லே." அம்மா பாரை வாங்கினார். அந்தக் கிழமை முழுக்கப் பிறகு மீன் இல்லை.

சாமான் விலை ஏறிய வருடங்களில் தம்பியின் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. மாதக் கடைசியில் கிளிநொச்சியிலிருந்து கூப்பிடுவான். "அக்கா, எஞ்சினியரின்ரை போனுக்கு ஒரு ரீலோட் போட்டுவிடுங்கோ." சிரித்துக்கொண்டுதான் கேட்பான்.

எனக்கு ஒருவரைப் பேசியிருந்தார்கள். பேசியது பெரியவர்கள், விரும்பியது நாங்கள். நெடுங்கேணிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர். காற்றுக்குக் கூரை போன அவருடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதப் போனபோது பழக்கம். அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்களுக்கு உங்கடை பிள்ளைதான் வேணும். ரோட்டுக்கரைக் காணித் துண்டை எழுதிவிடுங்கோ, காணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அப்போது தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே. அவன் எஞ்சினியராகி வரட்டும். ஊருக்கு முன்னாலை நிமிர்ந்து நிண்டு செய்வம்." எல்லோரும் சரி என்றோம். பொறுத்தோம்.

தம்பிக்கு வேலை கிடைத்த பிறகு ஆசிரியரும் தாயாரும் மறுபடி வந்தபோது ஆசிரியரின் தாய்மாமனும் கூட வந்தார். அம்மா பயத்தம் பணியாரம் சுட்டிருந்தார். தம்பியும் லீவு போட்டு வந்திருந்தான்.

"அப்ப, தம்பி எஞ்சினியர்," என்று தாய்மாமன் கதிரையில் சாய்ந்தார். "இனி உங்களுக்கு என்ன குறை."

"கவுண்மேந்துச் சம்பளம்தானே அண்ணை," என்றார் அம்மா.

"சம்பளத்தை ஆர் பாக்கினம்? எஞ்சினியர் மாப்பிள்ளைக்கு இப்ப வெளிநாட்டு ஆக்கள் என்ன குடுக்கினம் தெரியுமே? தம்பி நல்ல இடத்திலை கலியாணம் செய்தால், அக்காவுக்கு வவுனியாவிலை ஒரு வீடு எடுக்கிறது பெரிய வேலையே?"

"மாமா, நான் மோட்டார் சைக்கிளுக்கே இன்னும் லீசிங் கட்டுறன்," என்றான் தம்பி.

தாய்மாமன் நன்றாகச் சிரித்தார். "எஞ்சினியரின்ரை பகிடியைப் பாருங்கோவன்."

ரோட்டுக்கரைத் துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வவுனியாவில் ஒரு வீடு, கையில் கொஞ்சக் காசு. எவ்வளவு என்று கேட்டதற்கு, "நீங்கள் உங்கடை தகுதிக்குப் பாத்துச் செய்யுங்கோ" என்றார்கள். ஆசிரியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பணியாரம் சாப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசை டொனேசன் என்பார்கள். அந்தக் காசில் மாப்பிள்ளையின் சகோதரிக்குக் கலியாணம் நடக்கும். எஞ்சினியரால் வரும் பணம் என்று ஊர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அணைக்கட்டிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ அது வருவதில்லை.

அடுத்த கிழமையே தம்பிக்குக் கலியாணப் புரோக்கர் வரத் தொடங்கினார். கனடாவில் ஒரு பெண்பிள்ளை, தகப்பனுக்கு இரண்டு கடை. அம்மா அவளுடைய படத்தைச் சாமித்தட்டில் வைத்தார்.

தம்பி விரும்பிய பிள்ளை ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவனோடு படித்தவள், அவளும் எஞ்சினியர். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குத்தகைக் காணி செய்கிறவர்கள். "அவையிட்டைக் குடுக்க ஒண்டுமில்லை அக்கா," என்று கிணற்றடியில் வைத்துச் சொன்னான். வாளியை இறக்கிவிட்டு, "முதல் உங்கடை அலுவல் முடியட்டும். நான் அவளோடை கதைக்கிறன்" என்றான். என்ன கதைப்பான் என்று நான் கேட்கவில்லை.

நான் பஸ் எடுத்து நெடுங்கேணிக்குப் போனேன். சந்தைக்கு முன்னாலுள்ள கூல்பாரில் அவர் காத்திருந்தார். எனக்குக் குடிக்க நெல்லிக்கிறஷ் சொல்லி வைத்திருந்தார், ஐஸ் போடாமல். எனக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது.

"அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்றேன்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை என்னத்தைச் சொல்லுறது. உம்மை விட்டிட்டுப் போறன் எண்டு நினைச்சீரோ? நான் பொறுத்திருக்கிறன்தானே."

"எதுக்குப் பொறுத்திருக்கிறியள்?"

"தம்பிக்கு ஒண்டு பொருந்தட்டும். ஒரு வருசம் செண்டாலும் பறவாயில்லை. கனடாவிலை ஒண்டு வந்திருக்காம், நல்ல இடமாம். விசாரிச்சனான்."

நல்ல செய்தி கொண்டு வந்தவரைப் போல முகம். அதில் கள்ளம் எதுவும் நான் காணவில்லை. எனக்காகத்தான் விசாரித்திருக்கிறார். இத்தனை வருடம் என்னோடு அன்பாகக் கதைத்த அதே குரலில்தான் அதையும் சொன்னார்.

"தம்பிக்கு ஒரு பிள்ளை இருக்கு," என்றேன்.

"குடுக்கக்கூடிய இடமோ?"

"இல்லை. தோட்டம் செய்யிற ஆக்கள்."

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "அவன் உமக்காண்டி யோசிக்க மாட்டானோ?"

"யோசிப்பான். நான் கேட்டால் அந்தப் பிள்ளையையும் விடுவான்."

"அப்ப என்ன?"

அதற்குப் பிறகு அவர் இன்னொரு வசனம் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ரோட்டுக்கரைத் துண்டு காணும் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம், வாரும் என்று சொல்லியிருந்தால் அன்றே அடுத்த பஸ்ஸில் அவரோடு ஏறியிருப்பேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அப்ப வேண்டாம்," என்றேன்.

எழும்பி வரும்போது, "கோவத்திலை சொல்லாதையும், ஆறுதலாய் யோசியும்" என்றார். எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் முல்லைத்தீவுப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்திருக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை தம்பி வந்தான். பையை இறக்கி வைக்க முதலே சொன்னான்: "அக்கா, கனடாக்காரருக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். அவளுக்கும் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவள்?"

"விளங்குது எண்டவள்."

"அவளுக்குத் திரும்பப் போன் அடிச்சுக் கதை. என்ரை கலியாணக் கதை முடிஞ்சுது. எனக்கு அவரைப் பிடிக்கேல்லை."

"என்னெண்டு திடீரெண்டு பிடிக்காமல் போகும்?"

"கன நாளாய்ப் பிடிக்கேல்லை. அம்மாவுக்காண்டித்தான் பேசாமல் இருந்தனான்."

என் முகத்தைப் பார்த்தான். நம்பாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்பான் என்று நினைத்தேன், பதில்களும் வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். வேலைக்குப் போன நாளிலிருந்து அவனை அப்படிப் பார்த்ததில்லை. போனை எடுத்துக்கொண்டு வேலிக்கரைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் கெஞ்சுவதும், பிறகு சிரிப்பதும் கேட்டது.

அம்மா தோட்டத்தால் வந்து கால் கழுவினார். "என்னவாம் அவன் சிரிக்கிறான்? மாப்பிள்ளை வீட்டாலை ஏதும் கதை வந்ததோ?"

"அவருக்கு வேறை இடத்திலை பேசுகினமாம் அம்மா," என்றேன்.

அன்றைக்கு அது பொய். மூன்று மாதத்தில் உண்மையாகிவிட்டது.