ஒன்றரைச் சாண் உயர மேசை

செபமாலை முடியும்வரை நான் மாதாவை ஒருதரமும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் முழங்காலில் நின்றபடி, வாய் தன்பாட்டுக்கு மந்திரம் சொல்ல, கண் மட்டும் ஒரு சின்ன மேசையின் நான்கு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மேசையின் மேல் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

மேசை என்னுடையதல்ல. நான் வேலை செய்யும் பட்டறையின் முதலாளியம்மாவுடையது. டுசல்டோர்ஃபில் பிறந்த கொரியப் பெண் அவர். தாய் அந்தக் காலத்தில் ஜேர்மனிக்குத் தாதியாக வந்தவராம். மகள் கதிரை, மேசை, விளக்கு, கிண்ணம் என்று வடிவமைக்கிறார். முதலில் பார்த்தால் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றும். பிறகு கண்ணை எடுக்க மனம் வராது. இந்த மேசை ஒருவருக்கானது. கொரியாவில் முன்னர் ஆளுக்கொரு சிறிய மேசையில் சாப்பாட்டை வைத்து, அப்படியே தூக்கிவந்து முன்னால் வைப்பார்களாம். நிலத்திலிருந்து ஒன்றரைச் சாண் உயரம், பெருவிரல் தடிப்பில் கால்கள், ஆணி கிடையாது, கறுப்பேற்றிய மரம். இரண்டு வருடம் வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து, கடைசியில் அவருக்குச் சரிவந்த முதல் மேசை.

என் வேலை மெருகு போடுவது. எண்ணெய், மெழுகு, துணி. அதற்கு முன் இருபத்தாறு வருடம் இந்த ஊர் அலுவலகங்களின் கழிப்பறைகளைக் கழுவியவள் நான். இடுப்பு போன பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. ஒரு வருட ஒப்பந்தம். அது அந்தச் செபமாலைக்கு அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். இல்லையென்றால் திரும்பவும் வாளியும் துடைப்பமும்தான். ஐம்பத்தெட்டு வயதில் என்னை வேறு எதற்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

அந்த வார இறுதியில் பட்டறைத் தரைக்கு வார்னிஷ் அடித்தார்கள். திங்கட்கிழமை மேசையைப் படம்பிடிக்க ஆள் வருவதாக இருந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக்கொண்டு வாருங்கள். உங்களிடம் கொடுத்தால் எனக்குப் பயமில்லை" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனி மத்தியானமே மெழுகுவேலை முடிந்தது. மேசையைச் சுவரோரம் வைத்து, ஒரு படுக்கை விரிப்பால் மூடினேன். அது ஒக்டோபர், செபமாலை வீடு வீடாகப் போகிற மாதம். அன்று எங்கள் முறை. வருகிறவர்களுக்கு நிலத்தில் விரிக்க ஏதாவது வேண்டும் என்று என் மனுசன் தேடியிருக்கிறார். நான் குசினியில் தேத்தண்ணிக்கு அடுக்குப்பண்ணிக்கொண்டிருந்த நேரம், மேசைமேல் கிடந்த விரிப்பை உருவி நிலத்தில் விரித்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு அந்த உயரத்தில் ஒரு மரச்சாமானைக் கண்டால் அது குந்தியிருக்கிற பலகைதான். வேறொன்றாக இருக்க வழியே இல்லை. செபத்தை நடத்தும் அண்ணைக்கு முழங்கால் வருத்தம். நிலத்தில் இருக்க ஏலாது. மற்றவர்கள் நிலத்தில் இருக்கும்போது, தான் மட்டும் கதிரையில் இருக்கவும் மனம் வராது. நான் குசினியிலிருந்து வந்தபோது அவர் மேசைமேல் அமர்ந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

'அண்ணை' என்று தொண்டை வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்வது? அது சாப்பாட்டு மேசை, எழும்புங்கோ என்றா? இருபது பேருக்கு முன்னால்? வீட்டுக்கு வந்தவரை இருந்த இடத்திலிருந்து எழுப்புவதா, அதுவும் செபம் தொடங்கிய பிறகு? பேசாமல் முழங்காலில் நின்றேன். ஐந்து தேவரகசியங்கள், அதற்குமேல் மாதா பிரார்த்தனை. மனுசனை முறைத்தேன். அவர் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக முடிந்தது. அண்ணை எழும்புவதற்கு மேசையின் மூலையில் ஒரு கையை ஊன்றினார். முழுப் பாரமும் அந்தக் கையில். கிறீச் என்று சின்னதாய் ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"நல்ல பலகை, பிள்ளை. எங்க வாங்கினனீங்கள்?" என்றார் அண்ணை.

"வேலையில தந்தது, அண்ணை."

எல்லாரும் போனபின் மனுசனைப் பிடித்தேன்.

"ஆரைக் கேட்டு அந்த விரிப்பை எடுத்தனீங்கள்?"

"விரிப்பைத்தானே எடுத்தனான். மேசையில ஆரும் இருப்பினம் எண்டு நான் கனவே கண்டனான்?" என்றார். "ஒண்டும் உடையேல்லைத்தானே. பேசாமக் கொண்டுபோய்க் குடுத்துவிடும்."

மேசையைக் கவிழ்த்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கால்களை ஆட்டினேன், ஆடவில்லை. ஒரு காலின் மூட்டில் மட்டும் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. நிழலாக இருக்கலாம். நிழல்தான், நிழல்தான் என்று ஞாயிறு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பூசைக்குப் போனேன், ஆனால் மனச்சாட்சி விடாததால் நற்கருணை வாங்கவில்லை.

திங்கட்கிழமை படம்பிடித்தார்கள். மேசையில் ஒரு கிண்ணத்தை மட்டும் வைத்தார்கள். கிண்ணத்துக்கு என்ன பாரம்? செவ்வாயும் புதனும் நான் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. வெள்ளி வரட்டும், கையெழுத்து விழட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு சொல்லமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழன் காலை முதலாளி மேசையை ஒரு பெரிய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். விற்றுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லை. எதைச் செய்தாலும் முதலாவது அம்மாவுக்கு" என்றார். "அவர் இன்னும் நிலத்தில் இருந்துதான் சாப்பிடுகிறார். எண்பத்திரண்டு வயது, சொன்னால் கேட்பதில்லை. எழும்புவது மட்டும் மேசையில் கை ஊன்றித்தான்."

அண்ணையின் கை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்தால் என்ன என்றும் அந்த நேரம் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது மறைத்து என்ன பயன்?

"கொண்டுபோகாதீர்கள்" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை டொச் மொழியில் செபமாலை, விரிப்பு, அண்ணை, சத்தம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் துணியை அவிழ்த்தார். மேசையைக் கவிழ்த்து, அந்தக் காலில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். கால் கையோடு கழன்று வந்தது. மூட்டுக்குள்ளே மரம் வெடித்திருந்தது.

"அவருக்கு அடி ஏதும் படவில்லையே?" அண்ணையைத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

"நான் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்களா?"

"தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை என் மெழுகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒப்பந்தம் கிடந்தது. நிரந்தரம். அவருடைய கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். சந்தோசத்தை விட வெட்கம்தான் கூட. மேசைக்கு நான்கு புதுக் கால்கள் போட்டார், முந்தியதைவிடக் கொஞ்சம் தடிப்பாக. மெழுகு நான்தான் போட்டேன்.

தாய்க்கு மேசை நன்றாகப் பிடித்துவிட்டதாம். இப்படி மெருகு போட்ட கைக்குத் தன் கையால் சமைத்துப் போடவேண்டும் என்று மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு தரமும் எனக்கு டெர்மின், அதாவது வேறு யாரையோ பார்க்க நேரம் குறித்த அலுவல், இருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். ஒரு டெர்மினும் கிடையாது. விருந்தாளிக்கு முன்னால் அந்த மேசையைத்தான் வைப்பாராம். நடந்தது எதையும் மகள் அவருக்குச் சொல்லவில்லை. போனால் நான்தான் சொல்லவேண்டும்.